சங்கப் பணமும் கடைக் கல்லாவும்

கெடாவில் நம்மவர் நடத்தும் சங்கங்களுக்குப் பெரும்பாலும் கடைக்காரர்களே தலைவர்கள். மய்யித்து அடக்கம், மதரஸா வாடகை, ஏழைக் குமருக்கு நிக்காஹ் உதவி எல்லாம் அவர்கள் தலையில்தான். சம்பளம் கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு. ஆயினும் நேரக் குறைவைவிடக் கணக்கே அவர்களைக் கவிழ்க்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

தம் பேரேட்டில் பத்துக் காசு பிசகினால் இரவெல்லாம் விழித்துத் தேடும் அதே மனிதர், சந்தாப் பணத்தைக் கடைக் கல்லாவில் போட்டுத் துண்டுக் காகிதத்தில் குறித்து வைக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. பற்றாத மாதம் தம் கையிலிருந்தே போட்டிருப்பார். கணக்குக் கேட்டால், "என்னையா சந்தேகிக்கிறீர்கள்?" என்று முகம் சிவந்து விடுகிறது. அவர் மவுத்தான பின்போ, இருந்த பணம் சங்கத்துடையதா, வாரிசுகளுடையதா என்று சொல்ல ஆளில்லை.

பக்கத்துப் பினாங்கைப் பாருங்கள். கப்பித்தான் காதர் முகைதீன் காலத்தில், 1801-ல், பள்ளிவாசலுக்கெனக் கம்பெனியார் 18 ஏக்கர் நிலம் கொடுத்தனர். எத்தகைய சொத்து! பிற்காலத்தில் பரிபாலனம் சீர்கெட்டது. 1905-ல் முஸ்லிம், இந்து தர்மச் சொத்துகளுக்கென அரசாங்கம் சட்டம் செய்ய, வக்பு நிர்வாகம் போர்டாரின் கைக்குப் போயிற்று.

நம் கெடாவிலேயே மறுபக்கமும் உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-ல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டி அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. லயத்து மனிதர் மடியிலிருந்த வெள்ளியை எடுத்தது சொற்பொழிவை நம்பி மட்டுமல்ல என்று நினைக்கிறோம். பங்கு அவரவர் பெயரில் எழுதப்பட்டது. வாங்கிய தோட்டமும் கண்ணெதிரே நின்றது.

குர்ஆனில் மிக நீளமான ஆயத்து, பகரா அத்தியாயத்தின் 282-வது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதல்லவா? எழுதச் சொல்வது எவரையும் சந்தேகித்தல்ல. 1966-ம் வருஷத்துச் சங்கங்கள் சட்டமும் மகாசபை கூடிய 60 நாட்களுக்குள் கணக்கைப் பதிவதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது.

சங்கத்துக்குத் தனி பேங்குக் கணக்கு, எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், செக்கில் இருவர் கையொப்பம்: இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. கணக்குப் படித்த பிள்ளைகள் அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். வரும் மகாசபைக்கு முன் அவர்களில் ஒருவரிடம் ஏட்டைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தலைவரின் சொந்த மகனாக மட்டும் இருக்க வேண்டாம்.