ஆலையொலியில் பிறந்த இசை: வோய்வோட் குழு – ஓர் ஆய்வு

முன்னுரை

சென்ற ஆண்டு விடுதியில் என் அறைத் தோழனுக்கும் எனக்கும் ஒரு பூசல் எழுந்தது. நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த வேளையில் அவன் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாட்டை உரக்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "இதெல்லாம் ஒரு பாட்டா? வெறும் இரைச்சல்!" என்று சினந்தேன். அவன் பள்ளிபாளையத்துக்காரன், விசைத்தறிகளுக்கு நடுவே வளர்ந்தவன். "எங்க ஊர்ல தறிச் சத்தம் நின்னாத்தான்டா தூக்கம் கலையும். உனக்கு இரைச்சல், எனக்குத் தாலாட்டு" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இயற்பியல் மாணவனாகிய நான், அது இரைச்சல்தான் என்று நிறுவிக் காட்டவே அந்தக் குழுவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். என்னால் நிறுவ முடியவில்லை. அந்தத் தோல்வியில் நான் கற்றதை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த மண்

குழுவின் பெயர் வோய்வோட். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில், ஜோன்கியேர் என்னும் ஊரில் 1982ஆம் ஆண்டு தோன்றியது. பிரெஞ்சு மொழி பேசும் அவ்வூரின் ஒரு பகுதியாகிய அர்விடா, அலுமினிய ஆலைக்காகவே உருவாக்கப்பட்ட நகரம். அலுமினியத்தை மின்பகுப்பு முறையில் எடுக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஏறத்தாழ 950 பாகை வெப்பத்தில் உருகிக் கிடக்கும் தொட்டிகளுக்கு மின்சாரம் நின்றால் உள்ளிருப்பது உறைந்துவிடும். ஆகவே அந்த ஆலை இரவு பகல் ஓயாது. ஆலையின் முழக்கத்தைக் கேட்டே வளர்ந்ததாகவும், அது தங்கள் இசைக்குள் புகுந்துவிட்டதாகவும் இக்குழுவினரே பேட்டிகளில் கூறியிருக்கின்றனர். இதைப் படித்தபோது என் தோழனின் தறி நினைவுக்கு வந்தது.

தொடக்கத்தில் உறுப்பினர் நால்வர். பாடகர் டெனி பெலான்ஜே. கிதார் வாசித்தவர் டெனி தமூர். பேஸ் கிதார் ழான்-ஈவ் தெரியோ. முரசு மிஷெல் லான்ஜவான். 'வோய்வோட்' என்பது ஸ்லாவிய மொழிகளில் படைத்தலைவனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அப்பெயரில் ஒரு கற்பனை வீரனைப் படைத்து, குழுவின் இசைத்தட்டு அட்டைகளுக்கெல்லாம் ஓவியம் தீட்டியவரும் லான்ஜவானே.

தலைமறைவுக் காலம்

மின்கிதாரின் ஒலியைச் சிதைத்து, கனத்த முரசோடு உரக்க வாசிக்கும் ராக் இசையை 'மெட்டல்' என்பர். அதில் நீண்ட அமைப்பும், இடையிடையே மாறும் தாளமும், சிக்கலான சுரச் சேர்க்கையும் கலந்தால் 'புரொகிரசிவ் மெட்டல்' ஆகிறது. 1980களில் இத்தகைய இசை வானொலியில் பெரும்பாலும் ஒலிக்கவில்லை. ஒலிநாடாவைப் பதிந்து பதிந்து தபாலில் அனுப்பிக்கொண்ட இளைஞர்களாலேயே அது நாடு விட்டு நாடு சென்றது. அதனால்தான் அதை 'அண்டர்கிரவுண்ட்' என்றனர்.

1984இல் வந்த 'வார் அண்ட் பெயின்', 1986இல் வந்த 'ரோர்' ஆகிய முதல் இரு தட்டுகளும் முரட்டு வேகம் கொண்டவை. அவற்றை மட்டும் கேட்டிருந்தால் நான் பூசலில் வென்றிருப்பேன். ஆனால் 1987இல் 'கில்லிங் டெக்னாலஜி', 1988இல் 'டைமென்ஷன் ஹாட்ராஸ்' என இரண்டு தட்டுகளை மேற்கு பெர்லின் நகரில் பதிவு செய்தனர். அங்கேதான் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது.

இயற்பியல் கூறுவது

மெட்டல் கிதார்க் கலைஞர் பெரும்பாலும் இரண்டு சுரங்களையே சேர்த்து மீட்டுவர். நம் வழக்கில் சொன்னால் சட்சமும் பஞ்சமமும். இவற்றின் அதிர்வெண் விகிதம் 2க்கு 3. ஒலியைச் சிதைக்கும் கருவி, தன்னுள் புகும் இரு அதிர்வெண்களின் கூட்டையும் வேறுபாட்டையும் புதிதாகப் பிறப்பிக்கும். 200, 300 என்ற இரு அதிர்வெண்களைக் கொடுத்தால் 500, 100 ஆகியவை பிறக்கும். எல்லாம் 100இன் மடங்குகள். ஆகவே ஒலி உறுதியாக நிற்கும்.

தமூர் இதோடு நிற்கவில்லை. சட்சமத்தோடு பிரதி மத்தியமத்தைச் சேர்ப்பது போன்ற முரண்சுரங்களை விரும்பி எடுத்தார். அப்போது விகிதம் ஏறத்தாழ 1க்கு 1.414. 200உடன் 283 சேர்ந்தால் 483உம் 83உம் பிறக்கின்றன. இவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை, செவியில் உராய்கின்றன. நான் இரைச்சல் என்று இகழ்ந்தது இந்த உராய்வைத்தான். இது தவறிப் பிறந்த ஒலியன்று. தேர்ந்து எடுத்த ஒலி. முரண்சுரங்களை மெட்டல் கலைஞர் பலரும் தொட்டதுண்டு. தமூரோ அவற்றையே தம் மொழியாக்கிக்கொண்டார். சிறுவயதில் வயலின் பயின்றவர் அவர். 1970களின் புரொகிரசிவ் ராக் இசையில் ஊறியவர்.

தெளிவு பிறந்த காலம்

1989இல் வந்த 'நத்திங்ஃபேஸ்' இக்குழுவின் சிகரம் எனலாம். இதில் வேகம் தணிந்தது, சிதைவும் குறைந்தது. சிதைவு குறைந்ததும் சிக்கலான சேர்க்கைகளின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே காதில் விழுந்தது. பெலான்ஜேயும் கத்துவதை விட்டுப் பாடத் தொடங்கினார். பிங்க் ஃபிளாய்ட் குழு 1967இல் வெளியிட்ட ஒரு பாடலையும் இத்தட்டில் தம் முறையில் வாசித்தனர். நான் இங்கே கண்டது இது: அவர்கள் முரணைக் கைவிடவில்லை, முரண் கேட்கும்படி மற்றவற்றைக் குறைத்தார்கள்.

ஆனால் வளர்ச்சி என்பது நேர்க்கோடு அன்று. 1991இல் வந்த 'ஏஞ்சல் ராட்' இன்னும் மென்மையானது. முரட்டு ஒலியை எதிர்பார்த்த பழைய இரசிகர் பலருக்கு அது ஏமாற்றமாயிற்று. தெரியோ அவ்வேளையில் விலகினார். 1993இல் 17 நிமிடப் பாடல் ஒன்றைக் கொண்ட 'தி அவுட்டர் லிமிட்ஸ்' வந்தது. அடுத்த ஆண்டு பெலான்ஜேயும் விலகினார். எரிக் ஃபாரஸ்ட் பாடகராகவும் பேஸ் கலைஞராகவும் சேர, மூவராய் 'நெகட்ரான்', 'ஃபோபோஸ்' என்னும் கடுமையான தட்டுகளைத் தந்தனர். 1998இல் ஜெர்மனியில் நேர்ந்த சாலை விபத்தில் ஃபாரஸ்ட் படுகாயமுற்றார். 2002இல் பெலான்ஜே திரும்பி வந்த பின்னரே குழு மீண்டும் நிமிர்ந்தது.

ஒருவர் மறைந்த பின்

2005 ஆகஸ்டு 26ஆம் நாள் தமூர் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 45. தம் கணிப்பொறியில் பதிந்து வைத்திருந்த கிதார்ப் பகுதிகளை நண்பர்களிடம் விட்டுச்சென்றார். அவற்றைச் சுற்றியே மற்றவர்கள் பாடியும் வாசித்தும் 2006இல் 'கட்டோர்ஸ்', 2009இல் 'இன்ஃபினி' ஆகிய தட்டுகளை முடித்தனர். மறைந்தவரின் கை முன்னே செல்ல, உயிரோடிருந்தவர்கள் பின்தொடர்ந்த இசை அது. இதை அறிந்த பிறகு 'கட்டோர்ஸ்' தட்டை என்னால் குறிப்பேடும் கையுமாகக் கேட்க முடியவில்லை.

அந்தப் பதிவுகளும் தீர்ந்தபின் என்ன செய்வது? இந்த ஒலி ஒருவருடைய கைப்பழக்கம் மட்டுமே என்றால், அவரோடு அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2008இல் டேனியல் மோங்ரான் என்னும் கிதார்க் கலைஞர் சேர்ந்தார். அவரும் கியூபெக் மாநிலத்தவர். ஜாஸ் கிதார் அறிந்தவர். இக்குழுவின் பழைய இரசிகர். முன்பே 'மார்ட்டிர்' என்ற தம் குழுவில், 2006இல், வோய்வோட் பாடல் ஒன்றை வாசித்துப் பதிந்தவர். தமூரின் சேர்க்கைகளை அவர் ஓர் இலக்கணத்தைப் போலக் கற்றிருந்தார். ஆகவே 2013இல் வந்த 'டார்கெட் எர்த்' பழையதன் நகலாக இல்லை; அதே மொழியில் எழுதப்பட்ட புதிய வாக்கியங்களாக இருக்கிறது. 2018இல் வந்த 'தி வேக்' தட்டுக்கு, மறு ஆண்டு கனடாவின் ஜூனோ விருது கிடைத்தது.

முடிவுரை

ஒரு குழுவின் ஒலி மாறுகிறது என்றால் பழையதை விட்டுவிட்டது என்றே நாம் பொருள் கொள்கிறோம். வோய்வோட் குழுவின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. ஆலை முழக்கமாகத் தொடங்கியது, ஒருவர் கையில் தெளிந்து, மற்றொருவர் கற்றுக்கொள்ளத்தக்க பாணியாயிற்று. கற்றுக்கொள்ள முடிகிறதென்றால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு இருப்பதை இரைச்சல் என்பது தகாது.

இக்கட்டுரையின் முதற்படியை என் அறைத் தோழனிடம் கொடுத்து, என் சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தேன். படித்து முடித்து, "கணக்கெல்லாம் சரிதான். லீவுக்கு எங்க ஊருக்கு வா, தறியைக் கேட்டுப் பாரு" என்றான். விடுமுறையில் போய் வந்தேன். முதல் இரவு எனக்கு உறக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் இரவு மின்வெட்டு ஏற்பட்டுத் தெருவே அடங்கியபோது, இருவரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டோம்.