ஆட்டின் கண்ணைக் கெடுக்கும் புழு மருந்து

சம்பா அறுவடைக்குப் பின் கடலூர், சிதம்பரம் பகுதிகளில் ஆடுகள் வயல் தாளிலும் வாய்க்கால் கரையிலும் மேய்கின்றன. ஈரமான புல்லின் வழியே ஈரல் தட்டைப்புழுவும், இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவும் தொற்றுகின்றன. தாடை வீங்கி, இமையின் உட்புறம் வெளுத்த ஆடுகளுக்குக் குளோசான்டெல் மருந்து கொடுப்பதுண்டு. நல்ல மருந்துதான். அளவு மீறினால் பார்வை போய்விடும்.

வாய்வழியே கொடுக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். 30 கிலோ கிடாவுக்கு 300 மில்லிகிராம், 8 கிலோ குட்டிக்கு 80 மில்லிகிராம். மந்தை முழுவதற்கும் ஒரே மூடி அளவில் ஊற்றினால், குட்டிக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு போய்ச் சேரும். மருந்தின் அடர்த்தியும் எல்லாப் புட்டியிலும் ஒன்றல்ல. சென்ற முறை ஊற்றிய மில்லியை இம்முறையும் ஊற்றுவது ஆபத்து. ஆட்டை எடை போட்டு, சிரிஞ்சில் அளந்து கொடுக்க வேண்டும். கண் மதிப்பீடு போதாது.

நஞ்சான ஆடு சில நாட்களில் சோர்ந்து, சுவரிலும் மரத்திலும் முட்டிக்கொள்ளும். ஆட்டின் கண்மணி பகலில் படுக்கைக் கோடாகச் சுருங்கியிருக்கும். இந்த ஆட்டுக்கோ, உச்சி வெயிலிலும் அது விரிந்தே நிற்கும். கண்ணோய் போல வெண்மை படராது. கண் தெளிவாகவே இருப்பதால் பலரும் ஏமாந்து போகிறார்கள். கோளாறு உள்ளே, விழித்திரையிலும் பார்வை நரம்பிலும் இருக்கிறது. நரம்பு வீங்கி, எலும்புத் துளைக்குள் நெரிபடுகிறது. வீக்கம் வடிந்தால் சில ஆடுகளுக்குப் பார்வை ஓரளவு திரும்பலாம். விழித்திரையின் ஒளியுணர் செல்கள் அழிந்துவிட்டால் திரும்பாது. மாற்று மருந்து கிடையாது. மருந்து இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் உடலைவிட்டு விரைவில் நீங்குவதுமில்லை.

மனிதருக்கும் இது நேர்ந்ததுண்டு. லிதுவேனியா நாட்டுக்கு நன்கொடையாக வந்த இம்மருந்தில் விவரச் சீட்டு இல்லை. பெயரை வேறு மருந்துகளின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, கருப்பை நோய்க்கானது எனத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள். 11 பெண்கள் தற்காலிகமாகப் பார்வை இழந்தனர். 1993-ல் இது மருத்துவ இதழில் வெளியாயிற்று. சீட்டுக் கிழிந்த புட்டியை வீட்டு மருந்தோடு வைக்கக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆடு தடுமாறினால் மறு வேளை மருந்து கொடுக்காமல், புட்டியுடன் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகவும். பார்வை இழந்த ஆட்டை மேய்ச்சலுக்கு விடாமல் நிழலான பட்டியில் கட்டி, தழையும் தண்ணீரும் தினமும் ஒரே இடத்தில் வைத்தால் தேடித் தின்னப் பழகிக்கொள்ளும்.