சட்டசபையில் முத்துலட்சுமி அம்மையார்

மக்களின் குறைகளை மன்றத்தில் எடுத்துரைப்பதும், அவை நீங்குதற்குரிய சட்டங்களை ஆக்குவதும் சட்டசபை உறுப்பினரின் கடமைகளாகும். இக்கடமையைச் செவ்வனே ஆற்றுதற்கு நெடுங்காலம் பதவி வகித்தல் வேண்டும் என்பதில்லை. ஏறத்தாழ நான்காண்டுகளே சென்னைச் சட்டசபையில் அமர்ந்திருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி அய்யர், தாயார் சந்திரம்மாள். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த காலம் அது. ஆடவர் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், மன்னரின் இசைவு பெற்று அம்மையார் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் கிடைத்தது. ஆயினும் சட்டசபையில் அமரும் உரிமை 1926இல்தான் வந்தது. அவ்வாண்டு அம்மையார் அச்சபையின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். தம் மருத்துவப் பணி தடைப்படுமோ என்று முதலில் தயங்கியவர், பெண்குலத்தின் நலங்கருதி இசைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டசபைகளில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. 1927இல் அச்சபையின் துணைத்தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதுவரை ஆடவர் குரல் மட்டுமே ஒலித்த மன்றத்தில், பெண் கல்வி, தாய் சேய் நலம், குழந்தை மணத்தின் கேடு ஆகியன பற்றி அவர் ஓயாது பேசினார்.

அக்காலத்தில் சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்தது. அங்ஙனம் விடப்பட்ட பெண்கள் மணம் புரிந்து இல்லறம் நடத்த இயலாது. பிறர் இச்சைக்கு ஆட்பட்டு வாடும் நிலையும் பலருக்கு நேர்ந்தது. அம்மையாரின் தாயார் இசை வேளாளர் குலத்தில் பிறந்தவர். ஆதலின் அப்பெண்களின் துயரம் அவருக்குக் கேள்விச் செய்தியன்று. அருகிருந்து அறிந்த செய்தியாகும்.

இவ்வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை அம்மையார் 1927இல் சபையில் கொண்டுவந்தார். தீர்மானம் என்பது சபையின் கருத்தைத் தெரிவிப்பதே, அது சட்டமாகாது. சட்டமாவதற்கு மசோதா ஒன்று வகுக்கப்பட்டு, சபையில் ஆராயப்பெற்று, நிறைவேறுதல் வேண்டும். இதனை உணர்ந்த அம்மையார் படிப்படியாக முயன்றார்.

கோயிற் பணிக்கு ஈடாக அப்பெண்கள் பலருக்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணியை நீத்தால் நிலமும் போகும். நிலம் போனால் உணவும் போகும். விடுதலை பெற விரும்பியவரையும் இக்கட்டு விடவில்லை. ஆதலின் முதற்கண் இதனை அறுக்க அம்மையார் முனைந்தார். அவர் முயற்சியால் 1929இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயிற் பணியினின்று விலகினாலும் நிலத்தின் பயனை இழக்காதிருக்க அத்திருத்தம் வழிசெய்தது.

அடுத்து, பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவை அவர் 1930இல் கொண்டுவந்தார். எதிர்ப்பு மிகுந்தது. பழமையான வழக்கம் என்றனர் சிலர். கலை அழியும் என்றனர் வேறு சிலர். விவரம் அறியாத சிறுமியின் வாழ்வைப் பிறர் முடிவுசெய்வது முறையாகுமா என்னும் வினாவுக்கு அவர்களிடம் விடையில்லை.

அவ்வாண்டிலேயே உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. காந்தியடிகள் சிறைப்பட்டதை அறிந்த அம்மையார் தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். மசோதா நிறைவேறுமுன் பதவியை விடுவது அவருக்கு எளிதாய் இருந்திராது. எனினும் பதவியோடு அவர் தொண்டு முடியவில்லை. புகலிடமின்றித் தம்மை நாடிவந்த சிறுமியரை வீட்டில் வைத்துக் காத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. ஊர்தோறும் சென்று அவ்வழக்கத்தைக் கண்டித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோரும் மக்கள் மனத்தைப் பண்படுத்தினர். முடிவில், 1947ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டுதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. விதைத்தவர் சபையை விட்டு நீங்கிப் பதினேழு ஆண்டுகள் கழிந்தபின் பயிர் விளைந்தது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அம்மையார், அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை அமைக்கவும் பாடுபட்டார். அடையாற்றில் அதற்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அது பணி தொடங்கியது. 1956இல் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1968இல் அவர் இயற்கை எய்தினார்.

பதவி என்பது தொண்டுக்குரிய கருவி. கருவி கையில் உள்ளபோது அதனை நன்கு பயன்படுத்தினார் அம்மையார். அது நீங்கியபோது வேறு கருவி தேடிக்கொண்டார். எடுத்த செயலை மட்டும் இறுதிவரை கைவிடவில்லை. மக்கள் மன்றத்திற்குச் செல்வோர் மனத்திற்கொள்ள வேண்டிய நெறி இதுவேயாகும்.