பையர் மெயிலும் பனியன் கம்பெனியும்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களுக்குக் கண்ணைக் கட்டுவது பையர் எழுதும் ஆங்கிலம்தான். அகராதியைத் தேடுமுன் கம்பெனிக்குள் ஒரு சுற்று வாருங்கள். பாதி அர்த்தம் அங்கேயே கிடக்கிறது.

1. ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’: இருப்புக் கொள்ளாமல் காத்திருப்பது. இங்கிலாந்தில் அலசிய கம்பளித் துணி சுருங்காமலிருக்க, மரச்சட்டத்தில் வரிசையாகக் கொக்கி அடித்து இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். சட்டத்தின் பெயர் டென்டர். நம் ஊர் ஸ்டென்டர் மெஷினும் அந்தக் குடும்பம்தான். அதிலிருந்து வெளிவரும் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாக ஊசித் துளை தட்டுப்படும். பிறகு இந்தச் சொல் மறக்காது.

2. ‘டை அப் தி லூஸ் எண்ட்ஸ்’: மிச்சம் மீதி வேலையை முடிப்பது. பிசிறு நிற்கிறது என்கிறார்களாக்கும் என்று நினைத்து செக்கிங் அக்காவிடம் நான் ஓடியிருக்கிறேன். “ஏங்கண்ணு, பிசிறை வெட்டுவாங்களா, கட்டுவாங்களா?” என்றார். பையர் கேட்டிருந்ததோ பட்டன் அப்ரூவலும் கார்ட்டன் அளவும்!

3. ‘பால்பார்க் ஃபிகர்’: உத்தேச விலை. பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்த சொல். ‘உத்தேசம்’ என்று குறிக்காமல் விலையை அனுப்பாதீர்கள். மாதம் பிறந்தால் நூல் விலை மாறும் ஊர் இது. எழுதிய எண் கழுத்தைப் பிடிக்கும்.

4. ‘ரெட் டேப்’: கழுத்துக்கு வைக்கும் டேப் அல்ல, அலுவலக இழுத்தடிப்பு.

5. ‘கட் ஃப்ரம் தி சேம் க்ளாத்’: ஒரே ரகத்து ஆட்கள். ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டை’ என்று நாம் சொல்வதிலுள்ள இளக்காரம் இதில் கட்டாயமில்லை. கட்டிங்கில் பீசுக்குப் பீஸ் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, எதற்காம்? முன்பக்கம் ஒரு லாட், கை வேறு லாட் என்று கலந்தால் வெயிலில் ஷேடு காட்டிக்கொடுத்துவிடும்.

6. ‘டைட் இன் தி வுல்’: ஊறிப்போனவர். பரம்பரைக் கட்சிக்காரரைச் சொல்லலாம். நூற்பதற்கு முன்பே கம்பளிக்குச் சாயம் ஏற்றுவதிலிருந்து வந்தது. நம் கிரே மெலாஞ்ச் பனியனுக்கும் பஞ்சிலேயே சாயம் ஏறிவிடுகிறது.

7. ‘கட்டிங் கார்னர்ஸ்’: காசு மிச்சம் பிடிக்கத் தரத்தில் கைவைப்பது. 180 ஜிஎஸ்எம் கேட்டவருக்கு 165 கொடுப்பது மாதிரி. மெயிலில் இது வந்தால் உடனே துணியில் ஒரு வட்டம் வெட்டி எடை போடுங்கள். பதில் எழுதுவது அப்புறம்.