மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் நிரப்பும் முறை

நம் சங்க அங்கத்தினர் பலர் இன்று மோட்டார் சைக்கிள் வைத்திருக்கின்றனர். நெசவாளர் பாவையும் நூலையும் அதில் ஏற்றிச் செல்கின்றனர். விவசாயிகள் விசைத் தெளிப்பானுக்கு வேண்டிய பெட்ரோலைக் கேனில் கொண்டு வருகின்றனர். ஆகவே பெட்ரோல் நிரப்பும் முறையை நாம் அனைவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

முதலில் ஒன்றை மனத்தில் கொள்வோம். எரிவது பெட்ரோல் திரவமன்று; அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. நீர் உறையும் குளிருக்கும் ஏறத்தாழ 40 டிகிரி கீழேயே பெட்ரோல் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும் எனில், நம் ஊர் வெயிலில் கேட்க வேண்டுவதில்லை. அவ்வாவி காற்றினும் கனமானது. மேலெழுந்து மறையாமல் தரையை ஒட்டிப் பரவும். காற்றில் 100க்கு ஏறத்தாழ 1½ வீதம் அது கலந்தாலே, தீப்பிடிக்க ஒரு சிறு பொறி போதும். கீழ்க்கண்ட விதிகள் யாவும் இதனின்றே பிறந்தவை.

1. எஞ்ஜினை நிறுத்திவிட்டு அனைவரும் இறங்க வேண்டும். குழந்தையை டாங்கின்மேல் அமர்த்தியபடியே பெட்ரோல் போடுவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். டாங்கோ எஞ்ஜினுக்கு மேலே இருப்பது. சிந்தும் பெட்ரோல் சூடான எஞ்ஜின்மீதே விழும். தீப்பற்றினால் வண்டியில் அமர்ந்திருப்பவர் உடனே விலக இயலாது.

2. பீடி, சிகரெட் அறவே கூடாது. கைபேசியையும் எடுக்கலாகாது.

3. டாங்கை விளிம்புவரை நிரப்பலாகாது. பூமிக்கடியிலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் குளிர்ச்சியாக வருகிறது. 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 200 மில்லி லிட்டர் பெருகும். அதற்கு டாங்கில் இடம் வேண்டும்.

4. மூடியை இறுக மூடிச் சிந்தியதைத் துடைத்து, வண்டியைச் சற்றுத் தள்ளிச் சென்றபின்பே கிளப்ப வேண்டும். நூல் மூட்டையில் பெட்ரோல் தெறித்திருந்தால், திறந்த வெளியில் நன்கு உலர்ந்து வாடை நீங்கும்வரை அதை வீட்டுக்குள் கொண்டுசெல்லலாகாது.

5. தண்ணீர்ப் புட்டிகளில் பெட்ரோல் வாங்குவது ஆபத்து. அதற்கென அமைந்த கேனையும் வண்டியின்மேல் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும். இல்லையேல் கேனில் சேரும் மின்னேற்றம் பொறியை உண்டாக்கக்கூடும். நிரப்பிய கேனைத் தறிக்கூடத்திலும் சமையலறையிலும் வைக்கலாகாது.

ஒருவேளை தீப்பற்றிவிட்டால், டாங்கிலிருந்து குழாயை வெளியே இழுக்கலாகாது. இழுத்தால் பெட்ரோல் சிதறித் தீ பரவும். உடனே விலகி, பம்ப்பை நிறுத்துமாறு ஊழியரிடம் உரக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும். அங்கே வாளிகளில் வைத்திருக்கும் மணலும் தீயணைப்புத் தூளுமே ஏற்றவை.

இவற்றைக் கடைப்பிடிக்க இரண்டு நிமிஷத்துக்குமேல் ஆகாது. தவறினாலோ ஒரு குடும்பம் பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த பொருளும், சில வேளை உயிருமே போய்விடும். சங்கக் காரியதரிசிகள் இவ்விதிகளை அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் படித்துக் காட்டுவது நலம்.