சந்திப்பா, வெட்டா, கூடலா?

கேள்வி: ‘இன்டர்செக்‌ஷன்’ என்பதற்குச் சரியான தமிழ்ச்சொல் எது?

பதில்: ஒரே சொல்லில் அடங்காது; எது எதைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். தெருக்கள் சேருமிடம் சந்தி: மூன்று சேர்ந்தால் முச்சந்தி, நான்கு சேர்ந்தால் நாற்சந்தி. நெடுஞ்சாலையில் அதுவே கூட்டு ரோடு. சிதம்பரத்தில் கீழவீதியும் தெற்குவீதியும் சேர்கிற, தேர் திரும்பும் இடத்தை முனை என்றால்தான் பொருந்தும். ரயில்வேயில் சந்திப்பு. விழுப்புரம், மயிலாடுதுறை, விருத்தாசலம் என மூன்று பக்கமும் பாதை பிரிவதால் கடலூர் துறைமுகம் ஒரு சந்திப்பு.

ஆறுகளுக்கு உரிய சொல் கூடல்; எல்லாவற்றிலும் அழகானதும் அதுவே. கடலூரின் பழைய பெயரான கூடலூரை ஆறுகள் கூடும் ஊர் என்றே விளக்குவார்கள். கெடிலமும் உப்பனாறும் அங்கே கடலை அடைகின்றன. மாவட்டத்தின் உட்பகுதியில் வெள்ளாறும் மணிமுத்தாறும் கலக்குமிடம் கூடலையாற்றூர், சுந்தரர் தேவாரம் பெற்ற தலம்.

கணிதத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும். அது வெட்டும் புள்ளி. கணங்களிலும் பாடநூல் ‘வெட்டு’ என்றே சொல்கிறது. பொதுவானவற்றைச் சேகரிக்கும் செயலுக்கு இது சற்று முரட்டுச் சொல்தான். கடலூர் என்பதன் எழுத்துகள் ஒரு கணம், கூடலூரின் எழுத்துகள் இன்னொன்று என்றால் அவற்றின் வெட்டு: ட, லூ, ர். இலக்கணத்திலும் ஒரு சந்தி உண்டு. பகுபத உறுப்புகள் ஆறில் ஒன்றான அது, பகுதிக்கும் இடைநிலைக்கும் நடுவே வரும்.