லண்டன் குளிரில் துணி காய என்ன விலை?

லண்டனில் நவம்பர் பிறந்துவிட்டால் கொடியில் துணி காயாது. மாலை நான்கரைக்கே இருட்டிவிடும். பகலிலும் காற்று ஈரமாகவே இருக்கும். வீட்டுக்குள் ரேடியேட்டர் மேல் விரித்துப் போட்டால் அந்த ஈரம் சுவரில் இறங்கி, மூலைகளில் கரும்பூஞ்சை படரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ட்ரையரை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. மாதாமாதம் அதற்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2025-இல் பிரிட்டனில் ஒரு யூனிட் மின்சாரம் 25 முதல் 27 பென்ஸ் வரை இருந்தது. 2022 அக்டோபரில் அரசு பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்கியும் 34 பென்ஸ். பழைய கண்டென்சர் வகை ட்ரையர் ஒருமுறை நிறையத் துணி போட்டு ஓடினால் நாலு, நாலரை யூனிட் இழுக்கும். 26 பென்ஸ் என்று வைத்தால் ஒரு தடவைக்கு ஒரு பவுண்டுக்கு மேல். வாரம் நான்கு தடவை ஓட்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 240 பவுண்டு.

இவ்வளவும் எங்கே போகிறது? டிரம் சுற்றுவதற்கு ஆகும் மின்சாரம் சொற்பம். துணியில் ஊறியிருக்கும் தண்ணீரை ஆவியாக்குவதில்தான் செலவு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பம் தேவை. வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும். ஆகவே முதலில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ட்ரையர் இல்லை, வாஷிங் மெஷின். நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்த ஏழு கிலோ பருத்தித் துணியில் நாலு லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கும். 1400 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர்தான். கூடுதல் பிழிதலுக்கு ஆகும் மின்சாரம் கணக்கிலேயே வராது. துவாலை, ஜீன்ஸ், படுக்கை விரிப்பு போன்றவற்றை இன்னொரு முறை ஸ்பின் மட்டும் போட்டு எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். பாலியஸ்டர் சட்டையையும் கனத்த துவாலையையும் ஒன்றாகப் போடுவதில்லை. சட்டை காய்ந்து கிடக்க, துவாலைக்காக மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்மார்ட் மீட்டரின் சின்னத் திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தண்ணீரை ஆவியாக்க ஆகும் செலவு கண்ணுக்கே தெரியும். ஹீட்டர் பிடித்ததும் எண் இரண்டு கிலோவாட்டைத் தாண்டிச் சிவப்புக்குப் போகும். ஹீட் பம்ப் ட்ரையரில் அது ஒரு கிலோவாட்டைத் தொடுவதே அரிது. சூடான காற்றை வெளியே விடாமல், அதிலிருந்த வெப்பத்தையே மீட்டு மறுபடி பயன்படுத்துவதால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய இரண்டு யூனிட்டில் வேலை முடிகிறது. நேரம் கூடுதலாகும், விலையும் அதிகம். ஆனாலும் வாரம் நான்கு தடவை ஓட்டும் வீட்டில் ஆண்டுக்கு 130 பவுண்டுக்கு மேல் மிச்சமாகும். குளிர்நாட்டில் வாங்குவதானால் இதைத்தான் வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்து 2012-லேயே மற்ற வகைகளின் விற்பனைக்கு வழியை அடைத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2025 ஜூலை முதல் புதிதாகச் சந்தைக்கு வருபவை ஹீட் பம்ப் வகைதான்.

ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை உருவி, அதில் மெத்தைபோல் ஒட்டியிருக்கும் சாம்பல்நிறப் பஞ்சை விரலால் வழித்தெடுங்கள். அது அடைத்தால் காற்று ஓடாது, நேரம் நீளும், பில் ஏறும். தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் 18 மாடிக் குடியிருப்பில் தீ மூண்டது பழுதான ஒரு ட்ரையரிலிருந்துதான். இரவுக் கட்டணம் மலிவு என்று ட்ரையரை ஓடவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தீயணைப்புத் துறையும் அதையேதான் சொல்கிறது.

கடையில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் மின்சார லேபிளைப் பாருங்கள். பிரிட்டனில் அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட், 160 தடவை ஓட்டுவதாக வைத்துப் போட்ட கணக்கு. வாரம் நான்கு தடவை என்றால் 208 ஆகிவிடும். அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.